வாசகம் எழுதிய பனியனை எங்கே அணியலாம்?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளத்தை அடுத்த ஓர் ஊரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் மகன் பாலக்காட்டில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கோவையில் வாங்கிய கருப்புப் பனியன் ஒன்றில் ‘இந்தி தெரியாது போடா’ என்று எழுதியிருக்கிறது. அதை அணிந்து சென்ற அன்று கல்லூரி வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டார். மறுமுறை இப்படி வந்தால் இடைநீக்கம் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருக்கிறார். அன்று மாலை பேருந்து நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினாராம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சீருடை இல்லாத சனிக்கிழமைகளில் கட்சிக் கரை வேட்டி கட்டிச் செல்வேன். அதை இனிமேல் கட்டி வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். 2024 தேர்தலில் அதே வேட்டியோடு வாக்குச்சாவடிக்குப் போனபோது, மாற்றிக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் மாற்றிவிட்டு வந்துதான் ஓட்டுப் போட்டேன். எதை உடுத்துவது என்பது எங்கள் உரிமை இல்லையா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்றுதான்; ஆனால் அதற்குள் பேருந்து நிலையம், கல்லூரி வாசல், தொழிற்சாலை, வாக்குச்சாவடி என நான்கு இடங்கள் இருக்கின்றன. பனியனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பு, அதை அணிந்தவர் எங்கே நிற்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கும். ஆகவே நான்கையும் தனித்தனியே பிரித்து எழுதுகிறேன். உரிமை மிகுதியாக இருப்பது பேருந்து நிலையத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரம் வாயால் பேசுவதோடு முடிந்துவிடுவதில்லை. 1962-இல் காமேஸ்வர் பிரசாத் எதிர் பீகார் அரசு என்ற வழக்கில், அரசு ஊழியர்கள் எந்த வகையான ஆர்ப்பாட்டத்திலும் ஈடுபடக் கூடாது என்ற விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தங்கள் குறையைக் காட்டும் ஒரு பேட்ஜை ஒரு குழுவினர் அணிந்திருப்பதுகூட அமைதியான ஆர்ப்பாட்டம்தான் என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சட்டையில் குத்திய பேட்ஜுக்குப் பொருந்துவது சட்டையிலேயே அச்சிட்ட எழுத்துக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. பின்னர் 2014-இல், திருநர் உரிமை தொடர்பான நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில், ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடையின் வழியாக வெளிப்படுத்துவதும் இதே பிரிவின் பாதுகாப்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த உரிமையை மட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டமும் 19(2) பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவையே அந்தக் காரணங்கள். பணியில் இருக்கும் போலீஸ்காரருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அவர் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். பிரிவினரிடையே பகையை வளர்ப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் வரும். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 299-இல் வரும். ஒரு மொழி எனக்குத் தெரியாது என்று சொல்வது இந்த இரண்டில் எதிலும் அடங்காது. கடைசியில் வரும் ‘போடா’ மரியாதைக் குறைவுதான், ஆனால் மரியாதைக் குறைவெல்லாம் குற்றமாகிவிடாது. இதைவிடக் கடுமையான, பிரிவினை கோரும் முழக்கங்களை ஓரிரு முறை எழுப்பியவர்களின் தண்டனையையே, அதனால் எந்த விளைவும் ஏற்படவில்லை என்று சொல்லி, 1995-இல் பல்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது. கேரளத்திலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் செல்லாததாக்கப்பட்டது. பிறருக்குத் தொல்லை தருவதுபோன்ற தெளிவற்ற சொற்களை வைத்துக்கொண்டு பேச்சைக் குற்றமாக்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

எனவே உங்கள் மகன் அந்தப் பனியனோடு பேருந்து நிலையத்தில் நிற்கலாம். மறுமுறை யாராவது மிரட்டினால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். சீருடையில் உள்ள பெயரையும் நிலையத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும். வாயால் சொன்ன மிரட்டல் வழக்காகிவிடாது. எழுத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அங்கே ஏற்கெனவே கைகலப்பு மூளும் நிலை இருந்து, கொஞ்சம் விலகி நில் என்று போலீஸார் சொன்னால், அது வாசகத்துக்கான தடை அல்ல, பொது ஒழுங்கு தொடர்பான கட்டளை. அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்.

சட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. அந்த வாசகம் 2020 செப்டம்பரில் பரவியபோது அது யாரைப் பார்த்துப் பேசியது என்பதில் ஐயம் இருக்கவில்லை. மொழிக் கொள்கையை வகுக்கும் தில்லியைப் பார்த்துத்தான் பேசியது. திருப்பூர் அச்சகங்களில் கருப்புத் துணிமேல் வெள்ளை எழுத்தாக ஏறிய அதே வாசகம், காலை ஏழரை மணிக்குக் கஞ்சிக்கோடு செல்லும் பேருந்தில் உங்கள் மகனின் மார்பில் இருக்கும்போது, அதற்கு ஒரு சாண் தொலைவில் கம்பியைப் பிடித்து நிற்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஆலை வேலைக்கு வந்த தொழிலாளி. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் படித்துவிட்டுத் தம்மைப் பார்த்துச் சிரிப்பது தெரியும். மொழிச் சிறுபான்மையாக வாழ்வது எப்படியிருக்கும் என்பது எல்லையோரத் தமிழர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அணியக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. உங்கள் மகன் இதை யோசித்துப் பார்த்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

கல்லூரிக்கு வருவோம். இங்கே உங்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பும் பாதகமாக ஒரு தீர்ப்பும் இருக்கின்றன. இரண்டும் கேரளத்து மண்ணில் எழுந்த வழக்குகள். முதலாவது 1986 ஆகஸ்டு 11-இல் வந்த பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு. கோட்டயம் மாவட்டத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் சமய நம்பிக்கையின்படி, தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. கல்வித் துறையின் சுற்றறிக்கைகளைக் காட்டி அந்த நீக்கத்தை நியாயப்படுத்தியபோது, சட்ட வலுவில்லாத சுற்றறிக்கையால் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இரண்டாவது 2018 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தந்தது. தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வர அனுமதி கேட்ட மாணவியரின் வழக்கில், தனியார் பள்ளிக்குத் தன்னை நடத்திக்கொள்ளும் பரந்த உரிமை உண்டு என்றும், அதற்கு முன்னால் தனி ஒருவரின் உடை விருப்பம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் நீதிபதி முகமது முஷ்தாக் தீர்ப்பளித்தார். சமய நம்பிக்கை சார்ந்த உடைக்கே இந்த நிலை என்றால், வாசகம் எழுதிய பனியனுக்குத் தனியார் கல்லூரியில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் கல்லூரி முதல்வர் செய்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சேர்க்கையின்போது நீங்களும் மகனும் கையெழுத்திட்ட தாள்களை எடுத்துப் பாருங்கள். ‘வாசகங்கள் எழுதிய உடை அணியக் கூடாது’ என்றோ, ‘காலர் உள்ள சட்டை மட்டும்’ என்றோ அதில் இருந்தால், உங்கள் பக்கம் பலவீனமானது. அதை ஒப்புக்கொண்டுதான் சேர்ந்திருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லாமல், ஆங்கில வாசகம் எழுதிய பனியன்கள் தினமும் அதே வாசலைக் கடந்து போகின்றன, தமிழ் எழுத்து மட்டும் நிறுத்தப்படுகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. விதி எங்கே, எந்தத் தேதியில் போட்டது, எல்லோருக்கும் ஒன்றா என்று எழுதிக் கேட்கலாம். விளக்கம் கேட்காமலும் விசாரிக்காமலும் இடைநீக்கம் செய்தால், அது பனியன் பற்றிய வழக்காக இருக்காது. இயற்கை நீதி மீறப்பட்டது என்ற வழக்காகிவிடும். அதை நடத்துவது எளிது.

கல்வி நிலையத்தில் எல்லா அடையாளங்களையும் சுதந்திரமாக விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே ஒரு மாணவனின் சாதியைச் சொல்லிவிடக்கூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடுக்கப் பரிந்துரைத்தது. எழுத்தே இல்லாத ஒரு நூல்கயிறு எழுத்துள்ள பனியனைவிடக் கடுமையாகப் பேசும். ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்று மார்பில் எழுதிக்கொண்டு வரும் மாணவனையும் உங்கள் மகனையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒன்று பக்கத்து இருக்கையில் இருப்பவனைத் தாழ்த்துகிறது, மற்றொன்று ஒரு கொள்கையை மறுக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளிக்கு இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தர முடியாது என்பதால்தான் பல நிறுவனங்கள் எல்லா வாசகங்களையும் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. அது சோம்பேறித்தனமான விதிதான். ஆனால் பாரபட்சமான விதி அல்ல.

இனி உங்கள் வேட்டி. நாம் பனியன் வாசகத்தைப் புதுப்பழக்கம்போலப் பேசுகிறோம்; துணியால் கட்சி சொல்வது நம்மிடம் பழையது. 1945-இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார்; 1948-இல் சென்னை மாகாண அரசு அந்தப் படையைத் தடை செய்தது. இன்றும் கருப்பு சிவப்புக் கரையா, நடுவில் வெள்ளை ஓடும் கரையா என்பதைத் தெருமுனையில் வரும்போதே நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தேர்தல் நெருங்கினால் பாலக்காட்டுத் துணிக்கடைகளிலும் சிவப்புக் கரை, மூவண்ணக் கரை, பச்சைக் கரை முண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஆகவே உங்கள் மேலாளருக்கு அந்தக் கரையின் பொருள் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகக் கோர வேண்டியவை. உங்கள் முதலாளி அரசு அல்ல. 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி ஒரு வேட்டிக்காக உயர் நீதிமன்றப் படியேறுங்கள் என்று உங்களுக்கு நான் ஆலோசனை சொன்னால், என் கட்டணம் வேட்டிக்கடையையே வாங்கும் அளவுக்கு வந்துவிடும். அதோடு நீங்கள் மேற்பார்வையாளர். விடுப்புக்கும் கூடுதல் நேர வேலைக்கும் உங்களிடம் கையெழுத்து வாங்க வரும் தொழிலாளி, உங்கள் இடுப்பில் ஒரு கட்சியைப் பார்க்கிறார். அவர் வேறு கட்சிக்காரராக இருந்தால், நீங்கள் நேர்மையாகவே மறுத்த விடுப்புக்கும் கரையின் நிறத்தைத்தான் காரணமாகச் சொல்வார். மேலாளர் எதிர்க்கட்சிக்காரர்களின் கரையையும் இதேபோல் தடுக்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். தடுக்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். உங்களுடையதை மட்டும் தடுக்கிறார் என்றால் தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு போராட்டத்தின்போது கோட்டில் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனேன். கருப்புக் கோட்டில் கருப்பு பேட்ஜ். யாருக்குத் தெரியப் போகிறது என்ற துணிச்சல்தான். நீதிபதிக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கோரிக்கை ஏதாவது இருந்தால் மனுவாகக் கொடுங்கள், கோட்டில் குத்திக்கொண்டு வராதீர்கள் என்றார். அவமானமாக இருந்தது. ஆனால் அன்று எனக்கு வக்காலத்துத் தந்திருந்தவருக்குப் பிணை கேட்க வேண்டியிருந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நாடாளுமன்றமே இதற்கு விலக்கல்ல. 2025 மார்ச் 20-இல் தொகுதி மறுவரையறையை எதிர்த்து வாசகம் எழுதிய டி-ஷர்ட்டுகளோடு வந்த திமுக உறுப்பினர்களை, உடை மாற்றிக்கொண்டு வரும்படி மக்களவைத் தலைவர் சொன்னார், அவை ஒத்திவைக்கப்பட்டது. பேசுவதற்கென்றே தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவர்களுக்கும் அவைக்குள் உடை வழியாகப் பேச அனுமதி கிடைக்கவில்லை.

வாக்குச்சாவடியில் விடை சுருக்கமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 130-ஆவது பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சாவடிக்குள்ளும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் வாக்குக் கேட்பதைத் தடுக்கிறது. தேர்தல் தொடர்பான எந்த அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டுவதையும் தடுக்கிறது. அபராதம் 250 ரூபாய் வரைதான். ஆனால் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் அது. சின்னம் பொறித்த துண்டு, தொப்பி, பனியன் எல்லாம் சந்தேகமில்லாமல் இதில் அடங்கும். சின்னமே இல்லாத வெறும் கரை அடங்குமா என்று வாதாட இடம் உண்டு; உங்கள் கரை எந்தக் கட்சியுடையது என்று நீங்கள் எழுதவில்லை; அந்தக் கட்சிக்கு உங்கள் தொகுதியில் வேட்பாளரே இல்லை என்றால் அந்த வாதம் இன்னும் வலுக்கும். ஆனால் வரிசையில் நின்றுகொண்டு வாதாடும் விஷயமல்ல அது. சாவடித் தலைமை அலுவலரின் முறையான கட்டளைக்கு இணங்காதவரை வெளியேற்ற 132-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது; அதே பிரிவு, அந்த அதிகாரத்தைக் கொண்டு தகுதியுள்ள ஒருவரை வாக்களிக்க விடாமல் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்களை மாற்றிக் கட்டி வரச் சொல்லி, பிறகு வாக்களிக்க விட்டார்கள்; அங்கே தவறு எதுவும் நடக்கவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் வாக்குச்சாவடியில் ‘அரசியல்’ உடை எதுவும் கூடாது என்று வைத்திருந்த தடையை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. சாவடியில் உடையைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று அது சொல்லவில்லை; ‘அரசியல்’ என்ற சொல் எல்லையற்றது, எது அதில் அடங்கும் என்று வாசலில் நிற்பவரின் ஊகத்துக்கு விட முடியாது என்றுதான் சொன்னது. நம் சட்டத்தில் உள்ள ‘தேர்தல் தொடர்பான’ என்ற சொற்கள் அதைவிடக் குறுகலானவை என்பதால், உங்கள் மகனின் மொழி வாசகம் அதில் தானாக அடங்காது. இருந்தாலும் அன்று ஒரு நாள் அவர் வெறும் சட்டையில் போகட்டும். வரிசை நீளமாக இருக்கும், வெயில் கடுமையாக இருக்கும், இரண்டு முறை நடக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உடை விதியின் நகலைத் தேதியுடன் தரும்படி கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேரள அரசு அலுவலகம் என்றால், 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தரும் வசதியைக் கொண்டு தமிழிலேயே எழுதச் சொல்லியிருப்பேன். தனியார் கல்லூரி என்பதால் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுவது காலதாமதத்தைத் தவிர்க்கும். பனியனின் புகைப்படத்தை இணைக்க வேண்டாம். கோபத்தையும் இணைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கும். எனவே கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. நீங்கள் எனக்கு எழுதிய இரண்டு பக்கங்களில், கல்லூரியோடு இந்த விஷயத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று அவர் என்ன சொல்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை. கடிதத்தை எழுதுவதற்கு முன்பு அதை அவரிடம் கேட்டுவிடுங்கள்.